ரப்பர் கப்ளிங்கும் கட்டுக்கம்பியும்

எனக்கு ஆடுகிற எதையும் பிடிக்காது. ஆடும் கதிரையைக் கண்டால் காலுக்கு அட்டை மடித்து வைப்பேன். சட்டைப் பொத்தான் தளர்ந்திருந்தால் பஸ்ஸில் இருந்தபடியே தைத்துவிடுவேன். குண்டசாலையில் ஒரு கார்மென்ட்ஸில் ஏழு வருடம் காலர் தைத்தவள் நான். என் தையலில் ஒரு நூல் தளர்ந்ததாக யாரும் சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் பிறகு என் போஞ்சிப் பாத்திக்கு வினையாக வந்தது.

கார்மென்ட்ஸில் இருந்தவரை குண்டசாலையில் போர்டிங், ஞாயிற்றுக்கிழமை மட்டும் புசல்லாவையில் வீடு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்னே மூன்றரைக்கு எழும்ப வேண்டும். மகளுக்கு நான்கு வயதானதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ஞாயிறு படுக்கும்போது என் நைட்டி நாடாவைத் தன் பாவாடை நாடாவோடு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். ஒரு முடிச்சு அல்ல, நான்கைந்து. நான் இருட்டில் அதை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுப் போவேன். சில நாள் அவிழாது. பல்லால் கடித்து இழுப்பேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவளுக்கு ஆறு வயதானபோது சம்பளமில்லாத லீவு கேட்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலைச்சரிவில் கணவர் வீட்டாருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. கால் ஏக்கர் வராது. புல் மண்டிக் கிடந்ததை நானும் அவருமாகக் கொத்திப் பாத்தி கட்டி, பட்டணத்தில் பீன்ஸ் என்கிற போஞ்சியைப் போட்டோம். அவர் புசல்லாவை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறவர். அதை மட்டும் நம்பி மூன்று பேர் இருக்க முடியாது. போஞ்சி காய்த்தால் நான் வீட்டில் இருக்கலாம், காய்க்காவிட்டால் பழையபடி போர்டிங். சூப்பர்வைசர் மிஸ் நல்லவர். மாசி மாதக் கடைசிவரை என் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். போர்டிங் தலையணை உறையும் சாப்பாட்டுத் தட்டும் வைத்த பேக்கை நான் அவிழ்க்கவே இல்லை. மகளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். நான் எங்கும் போகாத ஞாயிறுகளிலும் அவள் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை.

தை பிறந்தால் எங்கள் பக்கம் மழை நின்றுவிடும். பகலில் வெயில் பொரிக்கும், இரவில் குளிர் எலும்பைத் தொடும். தண்ணீர் மேலே பாறையடிப் பீலியில் இருந்தது. அங்கிருந்து பாத்திவரை பன்னிரண்டு மூட்டோடு சாம்பல் நிற பைப் இறங்கி வந்தது. மூட்டுகளை எங்கள் ஊர் முறைப்படிதான் போட்டிருந்தார்கள். பைப் முனையை நெருப்பில் வாட்டுவார்கள், அது இளகி வாய் விரியும்போது அடுத்த பைப்பை உள்ளே செருகிவிடுவார்கள். ஆறியதும் கல்லாகிவிடும். அது வெடித்தால் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவார்கள். எங்கள் பைப் முழுக்க டியூப்தான். தூரத்திலிருந்து பார்த்தால் அடிபட்ட மனிதனுக்குக் கட்டுப் போட்டதுபோல இருக்கும். பீலியில் குடம் குடமாகக் கொட்டுகிற தண்ணீர் பாத்திக்கு வரும்போது நூலாகிவிடும். போஞ்சி கொடி ஏறும் பருவம் வேறு.

"இன்னொரு டியூப் சுத்தி விடவா?" என்று கணவர் கேட்டார்.

"டியூப் சுத்திச் சுத்தியே நம்ம த்ரீவீலு டயர வெறும் ரிம்மாக்கிருவீங்க. நான் மடவளைக்குப் போறேன்" என்றேன்.

மடவளையில் என் கூட்டாளி இருந்தாள். கார்மென்ட்ஸில் எனக்குப் பக்கத்து மெஷினில் சட்டைக் கை தைத்தவள். என்னைவிட இரண்டு வயது கூட, அதனால் ராத்தா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கணவர் மௌத்தான பிறகு வேலையை விட்டுவிட்டு அவருடைய ஹாட்வெயார் கடையைத் தானே நடத்தினாள். ஆணி கேட்டு வருகிற ஆம்பிளைகள் முதலில் அவளுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். அவள் எத்தனை அங்குலம் என்று கேட்ட பிறகு எட்டிப் பார்ப்பதை நிறுத்துவார்கள்.

நான் கதை முழுதும் சொன்னேன். அவள் ராக்கையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். ஒரு சாண் நீளம், உள்ளே குழல், மேலே வரிவரியாக மடிப்பு, இரண்டு பக்கமும் இறுக்க இரும்புக் கிளிப். ரப்பர் கப்ளிங் என்றாள்.

"என்னா ராத்தா இது, இப்புடி வளையுது?"

"வளையத்தானே செஞ்சீக்கி. மலையில பைப்பு சும்மாவா ஈக்கும்? வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். தண்ணிய மூடினா துள்ளும். அந்தத் துள்ளல இது வாங்கிக்கொள்ளும்."

பைப் முனைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விடச் சொன்னாள். கிளிப்பை இறுக்கும்போது ரப்பர் லேசாகப் பிதுங்கினால் போதும் என்றாள். "அதோட கைய எடுத்துப்போடுங்க. உங்கட கைய எனக்குத் தெரியும்."

சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பன்னிரண்டு கப்ளிங் வாங்கினேன். வரும் வழியில் கண்டியில் இறங்கி இன்னொரு கடையில் ஒரு சுருள் கட்டுக்கம்பியும் வாங்கினேன். ராத்தாவிடம் வாங்கினால் எதற்கு என்று கேட்பாள்.

அந்த ஞாயிறு நானும் கணவரும் பழைய மூட்டெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டுக் கப்ளிங் பூட்டினோம். பீலியைத் திறந்ததும் பாத்தியில் தண்ணீர் வந்த வேகம் என் செருப்பையே அடித்துக்கொண்டு போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர் கீழே பாத்தியோரம் பைப் முனையில் இருந்த வால்வை மூடினார். மூடினாரோ இல்லையோ, மேலே பன்னிரண்டு இடத்திலும் பைப் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி ஒரு துள்ளுத் துள்ளியது. என் அழுகை நின்றுவிட்டது.

மலையில் வாழ்கிறவர்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும். எங்களிடம் கட்டாத பொருள் கிடையாது. கூரைத் தகரத்தைக் கம்பியால் கட்டி, அதற்கு மேல் கல்லும் ஏற்றுவோம். கோழிக்கூட்டைக் கட்டுவோம், தண்ணீர்ப் பீப்பாவைக் கட்டுவோம், டிஷ் அன்டனாவுக்கு மூன்று பக்கம் இழுவைக் கம்பி போடுவோம். மண் சரிந்தும் காற்று அடித்தும் போனவற்றைப் பார்த்து வளர்ந்த சனம். அசைந்தால் போய்விடும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாடம்.

அவர் த்ரீவீல் ஸ்டாண்டுக்குப் போனதும் நான் குறடும் கம்பிச் சுருளுமாக மேலே ஏறினேன். ஒவ்வொரு கப்ளிங்குக்கும் பக்கத்தில் கொய்யாக் கட்டை அடித்தேன். ரப்பரின் மேல் இரண்டு சுற்றுக் கம்பி, குறட்டால் முறுக்கி, கட்டையோடு சேர்த்து இறுக்கினேன். கிளிப்பையும் விடவில்லை. இதற்குமேல் திரும்பாது என்கிறவரை திருப்பினேன். ராத்தா சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். அந்தியில் அவர் வந்து பைப்பைக் காலால் உந்திப் பார்த்தார்.

"நல்லா இறுக்கிட்ட. இனிப் பூமி ஆடுனாத்தான் இது ஆடும்" என்றார். எனக்கு அது பெரிய சேட்டிபிக்கட்டாக இருந்தது.

பதினொரு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. போஞ்சி பூத்தது. பன்னிரண்டாம் நாள் காலை வால்வைத் திறந்தால் மூச்சு வாங்குகிற சத்தம்தான் வந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். ஏழு கப்ளிங் கிழிந்து, சரிவெல்லாம் தண்ணீர் விசிறிக்கொண்டிருந்தது. காட்டுப் புல்லுக்கு நல்ல பாய்ச்சல். கீழ்ப் பாத்திகளில் பூ வாடிச் சுருண்டு கிடந்தது. மாசி முடிய எட்டு நாள் இருந்தது.

கிழிந்த ஏழையும் கழற்றி அரிசிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கம்பளை, கண்டி, கட்டுகஸ்தோட்டை, வழி முழுதும் பேச வேண்டியதை மனதில் ஒத்திகை பார்த்தேன். கடையில் இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகவே தொடங்கினேன்.

"கூட்டாளின்னு நம்பி வந்தேன் ராத்தா. கண்ட குப்பைய என் தலையில கட்டிட்டீங்க. பன்னெண்டு நாளு கூட நிக்கல."

அவள் திருப்பிக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, ஒரு பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டு, ஏழு கப்ளிங்கையும் கண்ணாடி மேசையில் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றின் கிழிசலிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"எல்லாத்திலயும் ஒரே இடத்தில ரெண்டு கோடு. இது வெடிச்சது இல்ல, அறுபட்டது. என்னத்தால கட்டின நீங்க?"

ஆடு கடித்திருக்கும் என்று சொல்லலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். எங்கள் ஊரில் எலி இரும்பையே தின்னும் என்றுகூடச் சொல்லியிருப்பேன். பிறகு மெதுவாக, "கட்டுக்கம்பி" என்றேன்.

தலையில் போட்டிருந்த முக்காடு சரிய அவள் சிரித்தாள். "ரப்பரு துள்ளத்தான் பாக்கும். நீங்க கம்பியால புடிச்சா, அது ஒவ்வொரு துள்ளுக்கும் தன்னயே அறுத்துக்கொள்ளும். மூடுறது, திறக்கிறது, காலம, பின்னேரம். பன்னெண்டு நாள் தாங்கினதே பெரிசு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. சொல்புத்தி இருந்தும் கேளாமல், மூன்று மாத உழைப்பை என் கையாலேயே அறுத்திருக்கிறேன். அதைவிட மோசமாக, பழியை அவள் மேல் போட்டுக் கத்தியிருக்கிறேன். "மன்னிச்சுக்குங்க ராத்தா" என்றேன். "டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

அந்த அளவில் அவளிடம் மிச்சம் நான்குதான் இருந்தன. மற்றவை வர அடுத்த மாதமாகும். அதாவது என் நாள் முடிந்த பிறகு. எனக்குத் தேவை ஏழு. திரும்பும் பஸ்ஸில் மடியில் நான்கு கப்ளிங்கை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். போஞ்சி சாகட்டும், சாகாமல் போகட்டும், என் பிடிவாதத்தால் மட்டும் அது இனிச் சாகக்கூடாது. பேக்கைத் தூக்கிக்கொண்டு நான் போவதாக இருந்தால், செய்யக்கூடிய அத்தனையும் செய்துவிட்டுத்தான் போவேன்.

அடுத்த நாள் கணவரை ஸ்டாண்டுக்கு விடவில்லை. முதலில் நல்ல ஐந்து கப்ளிங்கிலும் இருந்த கம்பியை வெட்டினேன். வெட்டிய இடத்தில் ரப்பரில் தழும்பு இருந்தது, இன்னும் நான்கு நாளில் அவையும் போயிருக்கும். பிறகு இருந்த ஒன்பதையும் பூட்டி, மூன்று இடத்தில் மட்டும் டியூப் சுற்றி, அவரைக் கீழே வால்வில் நிறுத்தினேன்.

"திறங்க" என்று கத்துவேன். "மூடுங்க" என்பேன். அவர் மூடும்போது ஒரு மூட்டுக்குப் பக்கத்தில் குந்தி, அது எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பேன். பிறகு அடுத்த மூட்டு. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன், இல்லாவிட்டால் அது தானாகவே போய்ப் பிடித்துவிடும். மத்தியானத்துக்குள் எனக்கு என் பைப்பைத் தெரிந்துவிட்டது. பாறை வளைவிலும் மழைநீர்க் கானைத் தாண்டும் இடத்திலும்தான் துள்ளல் அதிகம். பாத்திக்கு மேலே சமதரையில் மூன்று மூட்டு அசைவதே இல்லை. டியூபை அந்த மூன்றுக்கும் மாற்றிவிட்டு, கப்ளிங்கையெல்லாம் துள்ளும் இடங்களுக்குக் கொண்டுபோனேன்.

"பிரேக்க மெதுவா மூடுனாலே பாதித் துள்ளல் இல்லையே" என்று கீழேயிருந்து அவர் சொன்னார். வால்வைத்தான் பிரேக் என்பார் அவர், த்ரீவீல் ஞாபகத்தில். அதுவும் சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நூறு எண்ணி மூடினோம்.

கீழ்ப் பாத்தி இரண்டும் பிழைக்கவில்லை. மற்றவை பிழைத்தன. மாசிக் கடைசியில் மிஸ் போன் எடுத்து, வருகிறாயா இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார். நான் அப்போது பாத்திக்குள்தான் நின்றேன். கொடியில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பிஞ்சு தொங்கியது. அது காயாகும் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. வரவில்லை மிஸ், மெஷினை யாருக்காவது கொடுங்கள் என்று சொன்னேன்.

அன்று பின்னேரமே பேக்கை அவிழ்த்துத் தட்டைக் குசினியில் அடுக்கினேன். மகளிடம் சொன்னேன். அவள் சரி என்றாள். அந்த ஞாயிறும் முடிச்சுப் போட்டாள். அதற்கு அடுத்த ஞாயிறும் போட்டாள்.

முதல் பறிப்பு முடிந்து, ராத்தாவிடமிருந்து மிச்சம் மூன்று கப்ளிங்கும் வந்து பூட்டிய பிறகு, ஒரு திங்கட்கிழமை பழைய பழக்கத்தில் மூன்றரைக்கு விழிப்பு வந்தது. கை தன்பாட்டில் நாடாவைத் தேடிப் போனது. அது சும்மா கிடந்தது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பி, காலை நீட்டி, என்னை விட்டுத் தள்ளியே தூங்கிக்கொண்டிருந்தாள்.