கண்ட்ரோலர் கார்டுக்கு ஒரு சாட்சி

பழைய கம்ப்யூட்டர் சாமான் தேடி அலைகிறவனுக்கு வீட்டில் மரியாதை கிடையாது. கொழும்பில், வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில், என் அலுவலகம் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தேன். பெரிய பிளாப்பி போடுகிற வகை, ஆதிகாலத்துச் சாமான். அது உயிர் பெற ஒரு கண்ட்ரோலர் கார்ட் மட்டும் தேவைப்பட்டது. கையகலப் பச்சைத் தகடு, அதிலிருந்து டிரைவுக்குப் போகும் பட்டை வயர், அவ்வளவுதான்.

"நாடு கிடக்கிற கிடையில உங்களுக்கு உதுதான் இப்ப முக்கியமோ?" என்று மனைவி கேட்பாள். சண்டைக் காலம். எங்கே எப்போது குண்டு வெடிக்கும், யாரை எப்போது பிடிப்பார்கள் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் எனக்குக் கோபமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் புறக்கோட்டையில் பெரிய கடைகள் பூட்டியிருக்கும். பூட்டிய கதவுகளுக்கு முன்னால், நடைபாதையில் படங்கு விரித்துப் பழைய சாமான் பரப்புவார்கள். காலையில் குளித்துப் பூசிய திருநீற்றை பஸ் ஏறுமுன் துடைத்துவிட்டுத்தான் அங்கே போவேன். அப்பா தெற்குப் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அங்கே வளர்ந்ததால் என் சிங்களத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது. தமிழன் என்று தெரியாமல் பேரம் பேசிவிட்டுத் திரும்புவதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் என்ன பெருமை அது என்றிருக்கிறது.

நான் வழக்கமாக வாங்குகிறவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, அதில் சிலுவை. கம்பனிகள் ஏலத்தில் தள்ளிவிடுகிற கீபோர்ட், பவர் சப்ளை, மெமரி எல்லாம் அவரிடம் குவியலாகக் கிடக்கும். நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். அவர் என்னை 'மாத்தயா', ஐயா, என்பார், நான் அவரை 'முதலாளி' என்பேன். கிரிக்கெட் கதைப்போம், மழையைத் திட்டுவோம். பெயரை அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் போனது.

ஒரு ஞாயிறு, நான் தேடிய கார்டை அவர் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார். எனக்கென்றே எடுத்து வைத்திருந்தாராம். சந்தோஷத்தில் பேரம் பேசக்கூட மறந்து வாங்கிப் பைக்குள் போட்டேன்.

பஸ் கோட்டைப் பகுதியைத் தாண்டவில்லை, செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். பச்சைத் தகட்டையும் அதில் தொங்கிய வயரையும் கண்ட இளம் சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். பிறகு என் அடையாள அட்டையைப் பார்த்தான். அதற்கு மேல் நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கே வாங்கினாய், பில் எங்கே என்று கேட்டார்கள். நடைபாதையில் வாங்கிய சாமானுக்கு யார் பில் தருவான்? விற்ற ஆளைக் காட்டுகிறேன் என்றேன். அப்படிச் சொன்னதும் எனக்கே தைரியம் வந்துவிட்டது. ஒரு சிங்கள மனிதர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். ஒரு கான்ஸ்டபிள் சலிப்போடு என்னைக் கூட்டிக்கொண்டு நடைபாதைக்கு வந்தார்.

"இந்தத் தமிழன் இதை உன்னிடம் வாங்கினேன் என்கிறான். உண்மையா?" என்று அவரிடம் சிங்களத்தில் கேட்டார்.

நான் தமிழன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் இல்லை என்று சொன்னால் அன்றிரவு நான் எங்கே இருப்பேன் என்று யாருக்கும் தெரியாது.

"மம தமய் விக்கே," என்றார். நான்தான் விற்றேன்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கான்ஸ்டபிள் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து அதை மெதுவாக எடுத்தார். சிங்கள எழுத்துக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் தமிழ் பேசுகிறவர்களின் அட்டையில்தான் அப்படி இருக்கும்.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னைக் காப்பாற்ற வாய் திறந்த மனிதர் மேல் கோபம். தமிழனுக்குத் தமிழன் சாட்சி சொல்லி என்ன பிரயோசனம்? கான்ஸ்டபிளுக்குச் சலிப்பெல்லாம் பறந்துவிட்டது. "இரண்டு பேரும் நடங்கள்," என்றார்.

பொலிஸ் நிலைய மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் குனிந்தபடியே கேட்டார், தமிழில்.

"எந்த எடம் நீங்க?"

"வெள்ளவத்தை. நீங்கள்?"

"கொட்டாஞ்சேனை. பொறந்து வளந்தது எல்லாம் அங்கதான்." பிறகு, "ஒங்கள மாத்தறப் பக்கத்துச் சிங்கள ஆளுன்னுல்ல நெனச்சிருந்தேன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரிக்க முடியவில்லை.

என் அலுவலகப் பெரியவர் சிங்களவர். நான் நம்பர் சொல்ல, அவருடைய வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் போன் எடுத்தார். இவன் ஒரு கம்ப்யூட்டர் பைத்தியம், வேறொன்றும் தெரியாது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். பொழுதுபடும் நேரத்தில் இருவரையும் விட்டார்கள். இருவரின் விலாசமும் எழுதிக்கொண்டார்கள். கார்டைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே பஸ் தரிப்பில் நின்றோம். அவருடைய சாமானெல்லாம் காலையிலிருந்து புறக்கோட்டையில் படங்கில் அப்படியே கிடக்கும்.

"அவன் கேக்கேக்க தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே. ஏன் ஒத்துக்கொண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"பக்கத்துக் கடைக்காரனுங்க எல்லாம் நான் வித்தத பாத்தவனுங்க. பொய் சொல்லி மாட்டினா அது வேற வில்லங்கம்." வெகு சாதாரணமாகச் சொன்னார். "நீங்க தமிழ்னு தெரிஞ்சிருந்தா ஒங்களுக்கு இந்த மாதிரி சாமான் எதுவுமே வித்திருக்க மாட்டேன்."

"நானும் உங்களிட்ட வாங்கியிருக்க மாட்டன்."

அவர் தலையாட்டினார். நான் சொன்னதை அவர் தப்பாக எடுக்கவில்லை.

"இனிமே எங்கிட்ட வராதீங்க. கோவம் ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரையும் இப்ப சேத்துத்தான் எழுதி வச்சிருக்கானுங்க. ரோட்டுல கண்டாலும் கதைக்க வேணாம்."

"ஓம்," என்றேன்.

புறக்கோட்டை வழியாகக் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற பஸ் முதலில் வந்தது. அவர் ஏறிப் போனார். எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். அன்று அந்த நடைபாதையில் எனக்காக வாய் திறந்த ஒரே மனிதர் அவர். ஆனால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கண்டாலும் கதைக்க வேண்டாம் என்று அவர் சொல்லாமல் விட்டிருந்தால், அதையே அவருக்கு நான் சொல்லியிருப்பேன்.