மணல் விழுந்த ஷியா வெண்ணெய்

“படிச்சுப் போட்டாய், சரி. ஒரு நெய் உருக்கத் தெரியுமோ உனக்கு?”

அம்மா இப்படிக் கேட்டது, ஓல்டன் நகரில் பூச்சு மருந்துகள் விற்கும் ஒரு கடையில் எனக்குத் தொழில் பழக இடம் கிடைக்கும்போல இருந்த வாரத்தில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

கடைக்காரி வைத்த சோதனை ஒன்றுதான். ஷியா வெண்ணெயில் நானே கைப்பூச்சு செய்து திங்கட்கிழமை கொண்டு வரவேண்டும். விரலில் ஒரு குருணை தட்டுப்பட்டாலும் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

“ஷியா எண்டது ஆபிரிக்காவிலை ஒரு மரம் அம்மா. அதின்ரை கொட்டையை வறுத்து, அரைச்சு, தண்ணி விட்டுக் கடைஞ்சு பெண்கள் எடுக்கிற வெண்ணெய்.”

“மாடில்லாமல் வெண்ணெயோ!” என்று சிரித்தார்.

சனிக்கிழமை அதை உருக்கி, பாத்திரத்தைப் பால்கனிப் பனியில் புதைத்துச் சட்டென்று குளிர வைத்தேன். பட்டுப்போல உறைந்தது. டப்பாவில் அடைத்து, மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு மாலை மூடியைத் திறந்தால் உள்ளே ரவை ரவையாக இருந்தது.

“அம்மா! இதை ஆர் தொட்டது?”

“நான்தான். மாஜரீன் மாதிரி வழுவழுவெண்டு கிடந்தது, பாக்கவே பாவமாக் கிடந்தது. திருப்பி உருக்கி, துணி போத்து, ஹீட்டருக்குப் பக்கத்திலை ஆற வைச்சனான். இப்ப பார், மணல் மணலா, எவ்வளவு வடிவு!”

“இது நெய்யில்லை அம்மா! மெல்ல ஆறினால் குருணை கட்டும். கட்டினால் எனக்கு வேலை இல்லை!”

“மணல் விழாத நெய்யை ஆரடி வாங்குவினம்?”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஜெர்மன் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்த நான், எதற்காகப் பனியில் புதைத்தேன் என்று அம்மாவிடம் சனிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்ல அப்போது பொறுமையும் இல்லை.

“நான் கெடுத்துப் போட்டனோ?” என்றார் அம்மா, இம்முறை சிரிக்காமல்.

டப்பாவை வழித்துக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்கு மேல் வைத்தேன். வாளியை அம்மாவின் கையில் கொடுத்து, பால்கனியில் இருந்து பனி அள்ளி வரச் சொன்னேன்.