வெள்ளம் அல்லது இருட்டு

கோபம் வந்தால் எனக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். தென்காசியில் நானும் என்னோடு கல்லூரியில் படித்த நண்பனும் இணையப் பக்கங்கள் செய்துகொடுக்கும் கடை வைத்திருந்தோம். பக்கங்களை அச்சுப்போல வார்த்துத் தரும் மென்பொருளான டெம்ப்ளேட் எஞ்சினில், ஊர் உலகமெல்லாம் பயன்படுத்துவது எனக்கு ஆகாது. வீம்புக்கு நானே ஒன்று எழுதினேன். பக்கத்தின் நடுவே ஒரு நிபந்தனையைத் தமிழிலேயே எழுதினால், அது பொருந்துகிறதா என்று பார்த்து அதற்குரிய வரியைக் காட்டும். எஞ்சின் என் பொறுப்பு, பக்கங்கள் அவன் பொறுப்பு.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு, அருவியில் இப்போது குளிக்கலாமா என்று சொல்லும் பக்கம் செய்தோம். லாட்ஜ்காரர் போனில் மூன்று பொத்தான்களைத் தட்டுவார்: வெள்ளமா, இருட்டிவிட்டதா, விளக்குப் பழுதா. நண்பன் எழுதிய நிபந்தனை இது: வெள்ளம் அல்லது இருட்டு மற்றும் விளக்குப் பழுது என்றால் தடை. அதாவது வெள்ளம் வந்தால் எப்போதும் தடை. வெள்ளம் இல்லையென்றால், இருட்டில் அருவிக்கரை விளக்கும் எரியாதபோது மட்டும் தடை.

சீசனில் ஒரு நண்பகல், மலையில் கொட்டிய மழை செம்மண்ணோடு இறங்கியது. லாட்ஜ்காரர் வெள்ளம் என்று தட்டிவிட்டார். பக்கம் குளிக்கலாம் என்றே காட்டியது. அதை நம்பி சுரண்டையிலிருந்து வேனில் வந்த ஒருவர், போலீஸ் கயிறு கட்டுவதற்குள் அருவிக்கு அடியில் போய் நின்றுவிட்டார். ஒரு மரத்துண்டு அடித்துக்கொண்டு வந்து அவரைப் பாறையில் மோதியது. தோளெலும்பு முறிந்து, ஒரு காது பாதி கிழிந்து தொங்க, வெளியே இழுத்துப் போட்டார்கள்.

அன்று மாலை அவருடைய தம்பி இரும்புக் கம்பியோடு எங்கள் கடைக்குள் வந்தார். முதல் அடியில் மானிட்டர் சிதறியது.

"குளிக்கலாம்னு எவம்லே எழுதுனது?"

நான் நண்பனைக் கைகாட்டினேன். அதோடு நின்றிருக்கலாம். "பாத்து எழுதத் தெரியாதாலே" என்று நானே அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். மீதியை வந்தவர் பார்த்துக்கொண்டார். நண்பனின் இரண்டு முன்பற்கள் கீபோர்டின்மேல் கிடந்தன. அவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தன் ஊரான வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறிப் போய்விட்டான். கம்பி என் பக்கம் திரும்பவில்லையே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஏதோ எழுத்துப்பிழை விட்டிருப்பான் என்று நினைத்து, அவன் வரியை அழித்து, அதையே என் கையால் திரும்ப எழுதினேன். சரியாகிவிட்டது என்று லாட்ஜுக்கும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை சோதித்துப் பார்த்தேன். வெள்ளம் உண்டு, பகல், விளக்கு நன்றாக இருக்கிறது என்று கொடுத்தேன். குளிக்கலாம் என்றது.

எஞ்சினைத் திறந்து பார்த்தேன். கூட்டலும் பெருக்கலும் ஒரே வரியில் வந்தால் பெருக்கல்தான் முதலில் என்று பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்துச் சொல்லித்தந்தார்கள். அப்படி 'மற்றும்' தன் இரு பக்கத்தையும் முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் எழுதிய எஞ்சின் கண்ணை மூடிக்கொண்டு இடமிருந்து வலமாகப் போனது. வெள்ளமோ இருட்டோ, எது வந்தாலும் விளக்கும் பழுதாக இருந்தால்தான் அதற்குத் தடை. அவன் எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை.

அவமானம் பிடுங்கித் தின்றது. அப்படியே பைக்கை எடுத்தேன். கடையநல்லூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அவன் வீட்டு வாசலில் வீங்கிய முகத்தோடு நின்றான்.

"தப்பு எஞ்சின்லதாம்லே. நீ எழுதுனது சரிதான். என்னைய அடி" என்றேன்.

அவன் மேற்கே கறுத்துக் கிடந்த மலையைப் பார்த்தான்.

"மாத்திட்டியா?"

"இல்ல. மொதல்ல ஒங்கிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேன்."

"அப்ப அங்கன இன்னும் குளிக்கலாம்னுதான் காட்டுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அறைந்தான். தன் பல்லுக்காக ஓங்காத கை அது. பிறகு என் சட்டைப்பையிலிருந்து போனைப் பிடுங்கி லாட்ஜுக்கு அடித்தான். "அண்ணாச்சி, அந்தப் பக்கத்த நம்பாதீங்க, ஆளுகளக் கரையேத்துங்க" என்பதை, பல் இல்லாத வாயால், மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.