மூன்று வெட்டுப் போட்ட முளை

அறுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னால், காலேஜ் லீவில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த என்னை வெளிவேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா பிடித்துக்கொண்டார். "வெக்டர் கணக்கு அது இதுன்னு லயத்து வீடெல்லாம் அளந்துக்கிட்டுத் திரியிறியே, கானுக்கு அடிச்ச முளையைப் பார்த்துட்டு வா."

மழைத்தண்ணீர் வடிய, சரிவில் மேலும் கீழுமாக இரண்டு கான் வெட்டப்போகிறார்கள். இரண்டும் இணையாக ஓட வேண்டும். மேல் கான் கீழ்க் கானில் போய் முட்டினால், ஒரே மழையில் மண்ணெல்லாம் போய்விடும். வழி குறிக்க முளை அடித்து, முந்தின முளையைவிட எத்தனை சாண் இறக்கமோ அத்தனை வெட்டுப் போடுவார்கள்.

மேல் வரிசையை அடித்தது ஓர் அக்கா. மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி. கொழுந்துக் கூடையோடு தூரத்து மலைக்குப் போனால் பால் கொடுக்க வர முடியாதென்று கெஞ்சி, குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் இந்த வேலையை வாங்கியிருந்தார்.

அன்றைக்கு மலையையே பனி முழுங்கியிருந்தது. கால் எங்கே படுகிறதென்று தெரியவில்லை. ஃபேக்டரி இரைச்சல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஒரு முளை மறையும், நான் மிதப்பேன், எப்போதோ அடுத்தது எதிரே முளைக்கும். தூரம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

கீழ் வரிசையில் முளைக்கு ஒரு வெட்டு. மேலே மூன்று. நேரே ஐயாவிடம் போய், "ரெண்டும் இணை இல்லீங்கய்யா. மேலது மூணு மடங்கு சரிவு, கீழதுல போய் முட்டும்" என்றேன், பெரிய இஞ்சினியர் மாதிரி.

கண்டாக்கு ஐயா பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார். "எல்லாத்தையும் பிடுங்கு புள்ள. நாளைக்குக் கூடையோட மேமலைக்குப் போயிரு."

அக்கா அழவில்லை. "முளைக்கு முளை எத்தனை முழமுன்னு தம்பி பார்த்தாங்களான்னு கேளுங்கய்யா. அங்க பூராவும் பாறை. எடம் கெடைச்ச எடத்துலதான் அடிச்சேன்."

நான் பார்க்கவில்லைதான். கயிற்றின் ஒரு முனையை அக்கா பிடிக்க, மறுமுனையோடு நான் பனிக்குள் போனேன். கீழே ஆறு முழத்துக்கு ஒரு சாண். மேலே பதினெட்டு முழத்துக்கு மூன்று சாண். அடுத்த முளைக்கும் அதே கணக்கு. தூரம், இறக்கம் இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கினால் திசை மாறாது. பரீட்சையில் இதையே எழுதிவிட்டு வந்தவன் நான்.

"என்னடா ஆச்சு?" பனிக்கு அந்தப் பக்கமிருந்து ஐயாவின் குரல்.

"இணைதாங்கய்யா. நான்தான் தூரத்தைப் பார்க்காம சொல்லிட்டேன்."

"காலேஜுல முழம் போடச் சொல்லித்தரலையாக்கும்" என்றவர், முளைகள் அப்படியே இருக்கட்டும் என்றார். அக்கா கயிற்றைச் சுருட்டி என் கையில் வைத்தார். "புள்ளைக்குக் குடுத்துட்டு வாறேன் தம்பி. சந்தேகமிருந்தா அதுக்குள்ள இன்னொருக்கா அளந்துக்குங்க."

நாலு எட்டில் பனி அவரை மூடிக்கொண்டது.

இப்போதெல்லாம் யாரைப் பற்றியாவது முடிவு சொல்ல வாயெடுத்தால், நான் பார்த்த பாதிக் கணக்கால் ஒரு பிள்ளையின் பால் நின்றுபோக இருந்தது ஞாபகம் வந்து, மீதிக் கணக்கை முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.