நோட்டீஸ் போர்டில் என் அத்தாவின் முகம்

கட்டிங் ஆயிலும் சாம்பார் சாதமும் கலந்த ஒரு வாசனை... கோவை பீளமேட்டில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பம்பு கம்பெனியை நினைத்தால் அதுதான் மூக்கில் ஏறுகிறது. மெஷின் ஷாப்புக்கும் எங்கள் டிராயிங் செக்‌ஷனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. ஒரு நாளும் அது சரியாக மூடியதில்லை.

எனக்கு அடுத்த சீட் செந்தில். தினமும் அன்னூரிலிருந்து பஸ்ஸில் வருவான். பம்பு வரைவதைவிட கார்ட்டூன் வரைவதில்தான் அவனுக்கு உயிர். வாரம் ஒன்று வரைந்து கேன்டீன் வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டில் குத்திவிடுவான்.

கேன்டீன் வடை, வராத போனஸ், தூங்கும் செக்யூரிட்டி... ஒருமுறை மேனேஜரைக் காற்றுப் போன பலூனாக வரைந்தான். என்னையும் விட்டதில்லை. நோன்பு மாதத்தில் நான் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருப்பதுபோல ஒரு படம். சிரித்துவிட்டு அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பெருநாளைக்கு கோட்டைமேட்டில் எங்கள் வீட்டுக்கு வருவான். அத்தா... எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்... அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரியாணியில் கறித்துண்டுகளாகப் பார்த்து அள்ளி வைப்பார். குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஏரியா பெயரைச் சொன்னதும் ஆபீஸில் பலருடைய முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடும். செந்தில் முகத்தில் அது ஓடியதில்லை.

அந்த நேரம் எங்கோ வெளிநாட்டில், எங்கள் மதத்தைக் கேலி செய்த ஒரு கார்ட்டூன் படத்துக்காகக் கலவரம். டிவியைத் திறந்தால் அதேதான். ஒரு திங்கட்கிழமை காலை போர்டில் செந்திலின் புதுப் படம். தொப்பி போட்ட ஒரு பாய். எதிரே ஒரு பென்சில். அதைப் பார்த்து நடுங்கிக்கொண்டே கத்தியை உருவுகிறார்.

அதுவரைகூடப் பரவாயில்லை. படத்துக்காகக் கடையைக் கொளுத்தியவர்கள்மேல் எனக்கும் கோபம்தான்.

ஆனால் அந்த முகம்... குட்டையாக வெட்டிய தாடி, ஒரு பக்கம் சரிந்த கண்ணாடி, இடது புருவத்துக்கு மேலே மச்சம்.

என் அத்தா.

மெஷின் ஷாப்பிலிருந்து காதர் பாய் வந்து பக்கத்தில் நின்றார். கம்பெனியில் இருந்த நாலைந்து முஸ்லிம்களில் மூத்தவர். அத்தாவை அவர் பார்த்ததில்லை. "இதை இப்படியே உட்டா நாளைக்கு நம்ம தலைமேல ஏறி உக்காருவாங்க தம்பி" என்றார். போய் மேனேஜரிடமும் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் கம்ப்ளெய்ன்ட் லெட்டர் டைப் அடித்துத் தயாராக இருந்தது.

"உக்காருங்க நிஜாம். மனசு நோகறப்ப சும்மா இருக்கக் கூடாதுங்க. ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. அவனை இன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிப்போடறேன்."

அவர் முகத்தில் இருந்தது என் வருத்தம் இல்லை. பலூன் படத்தின் கணக்கு. ஒரு வருஷமாகக் காத்திருந்தவருக்கு என் மனசு நொந்தது வசதியாகப் போய்விட்டது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்து நேராக செந்திலிடம் போனேன்.

"அது யாருடா?"

"யாரும் இல்லைடா. சும்மா ஒரு பாய்."

"நல்லாப் பாரு."

போர்டு வரைக்கும் போய்ப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். திரும்பி வந்து சொன்னான்.

"பாய் மூஞ்சி ஒண்ணு வரையோணும்னு உக்காந்தேன்... கை தானா அங்க போயிருச்சு. எனக்கு வேற யாரைடா தெரியும்?"

இந்த வார்த்தைதான் என்னை இன்றுவரை உட்காரவிடாமல் அடிக்கிறது. அவன் வெறுப்பில் வரையவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே பாய் என் அத்தா. டிவியில் பார்த்த கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. "எனக்குப் புடிக்கலைன்னு அவன்கிட்டயே சொல்லிட்டேனுங்க சார். அதுக்காக வேலை போகோணுமா?" என்றேன். சாயந்திரத்துக்குள் மேனேஜர் போர்டையே கழற்றிவிட்டார். இனி யாரும் எதையும் ஒட்டக்கூடாது. காதர் பாய் "பயந்துட்டியே தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் பேசவில்லை.

பயந்தேனா? ஒரு படத்துக்காக ஒருவன் சோறு போகக்கூடாது என்று நினைத்தது உண்மை. கோட்டைமேட்டுக்காரன் ஒருவனை வேலையைவிட்டுத் தூக்க வைத்தான் என்ற பேர் வேண்டாம் என்று நினைத்ததும் உண்மை. எது முந்தியது என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்... பிடிபடவில்லை.

கழற்றிய போர்டிலிருந்து படத்தை எடுத்துப்போய் அத்தாவிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "நம்ம ஊட்டுல சாப்புட்ட பையன்தானே?" என்றார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த பெருநாளைக்கு செந்திலைக் கூப்பிட்டேன். "வாரேன்டா" என்றான். வரவில்லை. அந்தப் பையன் எங்கே என்று அத்தாதான் இரண்டு தடவை கேட்டார். கொஞ்ச நாளில் செந்திலே ரிசைன் பண்ணிவிட்டு திருப்பூர் பக்கம் போய்விட்டான்.

இப்போது சரவணம்பட்டியில் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறேன். போன வாரம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்ட் வந்தது. எங்கள் ஆட்களைக் கேவலப்படுத்தும் ஒரு கார்ட்டூன். யார் வரைந்தது, யார் எழுதியது, எதுவும் தெரியாது. அனுப்பியவர் நாலாவது மாடி. லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார். அதே நாளில் என் ஜமாஅத் குரூப்பில் ஏதோ ஒரு குறும்படத்தைத் தடை செய்யச் சொல்லி ஒரு மனு. படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை.

குடியிருப்பு குரூப்பில் நாலு முறை டைப் செய்து அழித்தேன். ஐந்தாவது முறை அனுப்பிவிட்டேன்.

"இது தப்புன்னு நினைக்கிறேனுங்க. ஆனா டெலீட் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். ஆறு மணிக்குக் கேட் பக்கத்து டீக்கடையில இருப்பேன். வாங்க, பேசலாம்."

முப்பது பேருக்கு மேல் படித்திருந்தார்கள். அதற்குக் கீழே, நாளை காலை தண்ணீர் வராது என்று செக்ரட்டரி போட்டார்.

ஆறரை வரைக்கும் இருந்தேன். இரண்டு டீ குடித்தேன். அன்றைக்கு அது யாருடா என்று கேட்க எனக்கு எதிரே ஒருவன் இருந்தான்... இன்றைக்குச் சண்டை போடக்கூட ஒருவரும் இறங்கி வரவில்லை.