யூ.எஸ்.பி. ஓட்டையும் சகலையின் கைராசியும்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது என் சகலை, மலேசியாவில், சிரம்பானுக்குப் பக்கத்து மம்பாவில் குடியிருந்தார். சிரம்பானில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. நான் ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. டைப்ரைட்டரைத் தட்டியே விரல் காய்த்தவன். என் வீட்டில் ஃபேன் சுற்றாவிட்டாலும் அவருக்குத்தான் போன் போகும். நான் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்த மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினேன். வாங்கியது நான். ஆனால் பார்த்துப் பொறுக்கியது, காரில் ஏற்றி வந்தது, ஒயரெல்லாம் மாட்டியது சகலை. அன்றிலிருந்து அந்தப் பெண் வாயைத் திறந்தால் சித்தப்பாதான். "சித்தப்பா இப்படித்தான் சொன்னாரு", "சித்தப்பாவுக்குத் தெரியும்லா". எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். பொறாமைதான், வேறென்ன?

அந்த வருட ஆயுத பூசைக்குச் சகலை குடும்பத்தோடு வந்திருந்தார். எஸ்டேட்டில் லாரி, டிராக்டர், மரம் சீவும் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். வீட்டில் புதிதாக வந்த கம்ப்யூட்டருக்கும் வைக்க வேண்டும் அல்லவா? வீட்டு ஆம்பளை என்று நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். மனைவி அதை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"அவரு வைக்கட்டுங்க. கைராசிக்காரரு."

மனிதர் கம்ப்யூட்டரின் முன்பக்கம் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாரா? பெட்டியைத் திருப்பினார். "இதோட உசுரே பின்னாலதான் இருக்குண்ணே" என்று சொல்லி, ஒயர் சொருகும் இடமெல்லாம் குழைத்துக் குழைத்து அப்பினார். மகள் கைதட்டினாள்.

அடுத்த வாரம் நானே போய், யாரையும் கேட்காமல், ஒரு பிரிண்டர் வாங்கி வந்தேன். மகள் திங்கட்கிழமை பள்ளியில் ஃபோலியோ என்கிற கட்டுரைத் தொகுப்பை அச்சடித்து ஒப்படைக்க வேண்டும். பிரிண்டருக்கு யூ.எஸ்.பி. ஒயர். பெட்டியின் பின்னால் அதற்கென்று இரண்டு சின்ன ஓட்டைகள். அதுவரை அவற்றில் யாரும் எதையும் சொருகியதில்லை. சனிக்கிழமை மத்தியானம் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிரிண்டரில் விளக்கு எரிந்தது, ஆனால் அப்படி ஒன்று வந்திருப்பதையே கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை.

"ரோசாக் போலருக்கு, கெட்டுப்போச்சு. சித்தப்பாவக் கூப்பிடுவோம்பா."

"ஏன், எனக்குக் கை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். இந்த ஒரு தடவையாவது 'அப்பா சரிபண்ணிட்டாரு' என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அணைத்துப் போட்டேன். அடுத்த ஓட்டையில் மாற்றிச் சொருகினேன். கூட வந்த சிடியை மறுபடியும் ஓட்டினேன். ஊகூம். நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் மம்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள். யூ.எஸ்.பி. என்று இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, திரும்பப் போடச் சொன்னாராம். செய்தாள். அதிலும் வரவில்லை. "ஒயருதான் கெட்டிருக்கும், நாளைக்கு வேற கொண்டாறேன்" என்றாராம். அவர் வந்து சேர்வதற்குள் நானே கண்டுபிடித்தாக வேண்டும்.

மறுநாள் காலையில் பிரிண்டரையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் போனேன். அவருடைய கம்ப்யூட்டரில் சிடியை ஓட்டிச் சொருகியதும் கடகடவென்று ஓடியது. ஆக, ஒயரும் நல்லது, பிரிண்டரும் நல்லது. கோளாறு எங்கள் பெட்டியில்தான். வீட்டுக்கு வந்து வீம்புக்கு மறுபடியும் சொருகி, மறுபடியும் பிடுங்கினேன். ஒயரின் முனையில் மஞ்சளாக என்னமோ ஒட்டியிருந்தது. தேய்த்து மோந்து பார்த்தேன்.

சந்தனம்!

அடடா, அந்த நேரத்துச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டு ஓட்டையிலும் உள்ளே தகடு தெரியாமல் காய்ந்து அப்பிக் கிடந்தது. கரண்டைப் பிடுங்கிவிட்டு, பல்குத்தும் குச்சியாலும் பழைய பிரஷ்ஷாலும் பதமாகச் சுரண்டி, ஊதி, திரும்பச் சொருகினேன். திரையில் பிரிண்டர் பெயர் வந்து நின்றது.

"வந்து பாரு, உன் சித்தப்பா கைராசிய!" என்று கத்தினேன்.

மகள் வந்தாள். சுரண்டி வைத்திருந்த சந்தனத் தூளைப் பார்த்தாள். சிரிப்பாள், 'அப்பா!' என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று நின்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

"பாவம்லாப்பா. எவ்ளோ ஆசையா வச்சாரு. அவருகிட்ட சொல்லிடாதீங்க."

ஃபோலியோ பாதி அச்சாகி முடிந்தபோது, வாசலில் கார் வந்து நின்றது. சகலை புது ஒயரோடு உள்ளே வந்தார். பிரிண்டர் ஓடுவதைப் பார்த்து அவர் முகமெல்லாம் பல்.

"நேத்து போன்ல நான் சொன்னத மறுபடி செஞ்சதும் வந்துருச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் என்னைப் பார்த்தாள். 'வேண்டாம்' என்று கெஞ்சுகிற பார்வை. அவருக்காக என்னிடம் கெஞ்சினாள்.

"ஆமா சித்தப்பா" என்றாள்.