உறை ஊற்றிக் கெடுத்த பாக்டீரியா

கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம்... எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கை விட்டுப் போகாது. லேப் முடிந்து நல்லூர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார். போகட்டும், ஜன்னலோரம் எனக்கு என்று நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

கூடப் படித்தவர்கள் எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போக, நான் காலேஜ் லேபில் பாக்டீரியா வளர்த்துக்கொண்டிருந்தேன். மக்காச்சோள மாவுக் கஞ்சியைப் புளிக்கவைத்து பியூட்டனால் உண்டாக்கும் பாக்டீரியா. பியூட்டனால் ஒருவகை ஆல்கஹால்; பெட்ரோலோடு கலந்து வண்டி ஓட்டலாம்.

ஒரே சிக்கல்... தான் உண்டாக்கும் பியூட்டனாலிலேயே அது செத்துவிடும். அதைத் தாங்குகிற ரகமாக மாற்றுவதுதான் என் பிஎச்டி.

கஞ்சியில் பியூட்டனாலைத் துளித்துளியாகக் கூட்டி, நேற்றையதில் கொஞ்சம் எடுத்து இன்றையதில் விடுவேன். தயிருக்கு உறை ஊற்றிப் பழகிய கை. மூன்று மாதம், ஒருநாள் தவறவில்லை. பாக்டீரியாவும் ஜம்மென்று தாங்கியது.

டெஸ்ட் செய்தால்... புதிதாக ஒரு சொட்டு பியூட்டனால் உண்டாக்கவில்லை. வெறும் ஆசிட். விடாமல் இப்படிக் கஞ்சி மாற்றிக்கொண்டே போனால் அது தன் வேலையையே மறந்துவிடுமாம். பிறகுதான் படித்தேன். அவமானமாக இருந்தது.

கைடு சார் கோபப்படவில்லை. "இது தேறாதுங்க அம்மணி. எல்லா டியூப்பையும் அழிச்சுப்போட்டு வேற டாபிக் எடுங்க" என்றார். அம்மா அதற்குள் தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டார். டாபிக்கை விட்டால் படிப்பும் அதோடு சரி.

கால் நடுங்கியது. ஆனாலும் சொன்னேன்.

"தப்புப் பண்ணுனது நானுங்க சார். பாக்டீரியா மேல ஏனுங்க பழி போடறீங்க?"

சார் மேஜைக் காலண்டரைத் திருப்பினார். ஒரு மாதம் கொடுத்தார்.

ஃப்ரிட்ஜ் மூலையில், அதே பாக்டீரியா கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வித்துகளை மணலில் உலர்த்திவைத்த பழைய டியூப் ஒன்று கிடந்தது. கொதிநீரில் ஒரு நிமிஷம் வைத்தேன். நோஞ்சான்கள் செத்தன, திடமானவை முளைத்தன. மறுபடி முதலிலிருந்து... இந்த முறை நாலைந்து தடவை மாற்றியதும் நிறுத்தி, வித்துக் கட்டவிட்டு, திரும்பவும் கொதிநீர். வித்துக் கட்டத் தெம்புள்ளது பியூட்டனால் வேலையையும் மறக்காது.

மாதக் கடைசியில் பழைய டியூப்பில் இருந்ததைவிடக் கூடுதலாகத் தாங்கியது. பியூட்டனாலும் வந்தது. சார் ரிசல்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, அதே டாபிக்கில் தொடரக் கையெழுத்துப் போட்டார்.

வருஷங்கள் ஓடிவிட்டன; இன்றைக்கு எங்கள் லேபில் பாக்டீரியாவின் ஜீனையே வெட்டி ஒட்டுகிறோம். அன்றைக்கு இருந்தது கொதிநீரும் வீம்பும்தான். பெட்ரோல் விலைக்கு எங்கள் பியூட்டனால் இன்னும் ஈடாகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மக்காச்சோளத்தில் வண்டி ஓடுமா என்று மீட்டிங்கில் சிரிப்பவர்களுக்கு நிமிர்ந்தே பதில் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் கால் நடுங்குவதில்லை... ஆனாலும், நடுங்கிக்கொண்டே எதிர்த்துப் பேசினாளே, அவளைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.